எங்கே இறக்கி விடுவது? மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், கொங்கு மாவட்டங்களின் ஆட்சியர்களுக்கும்,

போன மாதம் என் நாத்தனாருக்குப் பித்தப்பையில் கல் எடுத்தார்கள். துணைக்கு நான் போயிருந்தேன். 26 வருடம் நான் செவிலியராக வேலை பார்த்த அதே அரசு மருத்துவமனை. பெயர் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் நான் எழுதுவது அந்த ஒரு கட்டடத்தைப் பற்றி மட்டும் கிடையாது. காத்திருப்போர் கூடத்தின் கதவில் புதிதாக ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். உள்நோயாளியுடன் ஒருவர் மட்டும், இரவு 8 மணிக்கு மேல் இங்கே யாரும் தங்கக் கூடாது. எட்டு அடித்ததும் செக்யூரிட்டி விசில் ஊதிக்கொண்டே வந்தார். ஆளாளுக்குப் பாயைச் சுருட்டினார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள். ஒருவர் மட்டும் எங்கேயும் ஓடவில்லை. கேட்டுக்கு வெளியே, காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, சாக்கடை மூடிமேல் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு இரண்டு பிள்ளைகளைப் படுக்க வைத்தார். பிள்ளைகளின் அம்மா உள்ளே மூன்றாவது மாடியில் படுக்கையில் இருக்கிறாள். விடிகாலையில் டீ வாங்கப் போனபோதும் அந்த மனிதர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி துண்டை வீசிக் கொசு விரட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகளை ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாமில்ல என்று கேட்டேன். "ஊடு இருந்தா போயிருக்க மாட்டனுங்களா?" என்றார்.

அந்தப் பலகையை ஏன் மாட்டினார்கள் என்று எனக்குப் புரிகிறது. செல்போன் திருட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம், தொற்று, கூட்டம். இரவுப் பணியில் நானே எத்தனையோ முறை கூடத்தைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறேன். ஆனால் கதவை மூடுவதற்கு முன்னால், இங்கே படுக்கிறவர்களில் வீடே இல்லாமல் படுக்கிறவர் யார் என்று ஒருவர்கூடப் போய்க் கேட்கவில்லை. என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாதது அதனால்தான்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பல வருடமாக மனதில் கிடப்பது. ஓய்வு பெற நான்கு வருடம் இருந்தபோது, ஒரு ஐப்பசி மாதம், மூன்று நாளாக விடாத மழை. ஒரு பெண்ணுக்குச் சுகப்பிரசவம், மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ். குழந்தை 2 கிலோ 150 கிராம். எடை குறைவுதான், ஆனாலும் நன்றாகப் பால் குடித்தது, வார்டிலோ ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். அனுப்பி வைத்தோம். கங்காரு முறையை நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். குழந்தையை உன் மாரோடு தோல் படும்படி அணைத்து மேலே சேலையால் சுற்றிக் கட்டு, எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் வை, ஈரக்காற்றுப் படாத அறையில் இரு, கை கழுவிவிட்டுத் தொடு. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எந்த அறை என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

வாசலில் 102 தாய்சேய் ஊர்தி நின்றது. 2011-ல் ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் வந்த பிறகு, அரசு மருத்துவமனையில் பிள்ளை பெற்றவளை வீடுவரை இலவசமாகக் கொண்டுபோய் விட வேண்டும் என்பது விதி. நல்ல விதி. ஓட்டுநர் கேட்டார்: "எங்கீங்க அம்மிணி எறக்கி உடோணும்?" அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம், "பஸ் ஸ்டேண்டுலயே உட்ருங்ண்ணா" என்றாள். அங்கிருந்து எந்த ஊர் பஸ் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற மூத்த பெண் குழந்தை, நான்கு வயது இருக்கும், அதுதான் சொன்னது: "நாங்க அங்கதான் இருக்கறோம்."

ஊர்திப் பதிவேட்டில் இறக்கிவிட்ட இடம் என்று ஒரு கட்டம் உண்டு. பேருந்து நிலையம் என்று எழுதினேன். கீழே என் கையெழுத்து.

பதினோராம் நாள் ராத்திரி அதே குழந்தை அவசரப் பிரிவுக்கு வந்தது. உடம்பு சில்லிட்டு, பால் குடிக்காமல், அழக்கூடத் தெம்பில்லாமல். எடை 1 கிலோ 900. பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் 16 நாள் இருந்து பிழைத்தது. அந்த 16 நாளும் வார்மர், ஆக்சிஜன், ஊசி மருந்து, மூன்று ஷிஃப்டிலும் கண் கொட்டாமல் ஆள். அரசு அதற்குச் செலவழித்த பணத்தில் அந்தக் குடும்பத்துக்கு ஒரு லைன் வீட்டை எத்தனை மாதம் வாடகைக்குப் பிடித்துக் கொடுத்திருக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இந்தக் குடும்பம் எப்படித் தெருவுக்கு வந்தது? கணவர் பள்ளிபாளையம் பக்கம் ஒரு தறிக்குடோனில் வேலை பார்த்தவர். குடோனை ஒட்டி ஒரு அறை, வாடகை கிடையாது, முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு அங்கேயே இருந்தார்கள். இருமல் வந்தது. இரண்டு மாதம் கழித்துக் காசநோய் என்று தெரிந்தது. உடம்பு தேறினதும் வா என்று சொல்லி அறையை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். வாங்கிய முன்பணம் மட்டும் கடனாக நின்றது.

நம் பகுதியில் வீடில்லாமை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. தறிக்குடோனாகட்டும், செங்கல் சூளையாகட்டும், கோழிப்பண்ணை, நார் மில், தோட்டத்துச் சாளை, எதுவாகட்டும், இங்கே ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கூரை வேலையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. உடம்பு படுத்தால் வேலை போகும், வேலை போனால் கூரை போகும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிப்ரவரி 28 இரவு தெருத்தெருவாகப் போய் எண்ணியபோது நாடு முழுக்க வீடற்றவர்கள் 17 இலட்சத்து 72 ஆயிரம் பேருக்கு மேல் என்று வந்தது. அன்று ராத்திரி குடோன் அறையில் படுத்திருந்தவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். ஒரு இருமலோ, ஒரு பிரசவமோ, மிஷினில் மாட்டிய ஒரு கையோ வந்தால் போதும், அடுத்த மாதம் அவர்களும் பேருந்து நிலையத்தில்தான். அந்த இருமலை முதலில் கேட்பது யார்? உங்கள் துறைதான். வருவாய்த் துறைக்கும் மாநகராட்சிக்கும் தெரிவதற்குப் பல மாதம் முன்னாலேயே, ஒரு குடும்பம் கூரையை இழக்கப் போகிறது என்பது புறநோயாளிச் சீட்டில் எழுதியிருக்கிறது. வீடு எங்கள் துறை கிடையாது என்று நீங்கள் சொன்னால் என்னால் அதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

உங்கள் திட்டங்களைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. அவற்றை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் எல்லாத் திட்டமும் ஒரு கதவு எண்ணில் இருந்துதான் தொடங்குகிறது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆரம்பித்தது, 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் வாங்கியது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, எனக்கு எவ்வளவு பெருமை என்று சொல்லி முடியாது. வீடு இல்லாத சர்க்கரை நோயாளியை எந்தக் கதவில் தேடுவது? பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். நான் சொன்ன குழந்தையை ஏழாம் நாள் ஒருவர் பார்த்திருந்தால் பதினோராம் நாள் அந்த நிலைமை வந்திருக்காது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு ரேஷன் கார்டும், வருடம் 1,20,000 ரூபாய்க்குள் வருமானம் என்று கிராம நிர்வாக அலுவலரின் சான்றும் வேண்டும். எந்த ஊர் அலுவலர் தருவார்? முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 18,000 ரூபாய், அதற்கு வங்கிக் கணக்கு. காசநோயாளிக்கு மாதம் 500 ரூபாயாக இருந்து 2024 நவம்பரில் 1,000 ஆக உயர்ந்த ஊட்டச்சத்துப் பணம், அதற்கும் வங்கிக் கணக்கு. அந்தக் கணவருக்கு ஆறு மாதமும் மாத்திரை விட்டுப்போகாமல் கிடைத்தது என்றால், காசநோய்ப் பிரிவின் களப்பணியாளர் தம்பி ஒருவர் பேருந்து நிலையத்து டீக்கடையையே முகவரியாக வைத்துக்கொண்டு நேரில் கொண்டுபோய்க் கொடுத்ததால்தான். எந்த விதியிலும் அது இல்லை, அவராகச் செய்தார்.

காப்பகம்தான் இருக்கிறதே என்பீர்கள். நகரங்களில் ஒரு இலட்சம் மக்களுக்கு ஒரு காப்பகமாவது வேண்டும், வருடம் முழுக்க 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. 2013-ல் வந்த நகர்ப்புற வீடற்றோர் தங்குமிடத் திட்டத்தில் ஒரு இலட்சம் பேருக்கு 100 பேர் தங்கும் இடம், ஆளுக்கு 50 சதுர அடி, குடும்பங்களுக்குத் தனிக் காப்பகம் என்றுகூட எழுதியிருக்கிறது. அங்கே இருப்பவர்களுக்கு அடையாள அட்டை, ரேஷன், பள்ளி, மருத்துவம் எல்லாவற்றுக்கும் வழி செய்ய வேண்டும் என்றும் இருக்கிறது. சரி, நான் அலைந்ததைச் சொல்கிறேன். அந்தப் பெண்ணுக்காக இரண்டு காப்பகத்தில் கேட்டேன். ஒன்று ஆண்களுக்கு. இன்னொன்றில் பெண்களைச் சேர்ப்பார்கள், பச்சைக்குழந்தை என்றதும் யோசித்தார்கள், காசநோய்க்காரக் கணவரைப் பற்றிச் சொன்னதும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர்களைத் திட்டி என்ன ஆகப்போகிறது? ஒரு செவிலியர்கூட வந்து எட்டிப் பார்க்காத இடத்தில் நோயாளியை எந்தத் தைரியத்தில் சேர்ப்பார்கள்? மருத்துவமனையில் படுக்கை இருக்கிறது, கூரையில்லாதவர் தேறும்வரை இருக்க வழியில்லை. காப்பகத்தில் கூரை இருக்கிறது, மருத்துவம் இல்லை. நடுவில் இருக்கிற நான்கு கிலோமீட்டர் தூரத்தில்தான் குடும்பங்கள் காணாமல் போகின்றன.

கடைசியில் அந்தக் குடும்பத்துக்கு வழி பிறந்தது எப்படியென்றால், எங்கள் வார்டில் கூட்டிப் பெருக்கும் அக்கா தன் தெருவிலேயே ஒரு லைன் வீட்டைக் கண்டுபிடித்தார். ஒரே அறை, ஓட்டுக்கூரை, பொதுக் கழிப்பிடம், வாடகை 1,800, அட்வான்ஸ் 10,000. வார்டில் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம். அந்த அக்காவும் 500 ரூபாய் கொடுத்தார், அவர் வாங்குவதோ ஒப்பந்தக் கூலி. அந்த முகவரியை வைத்து ஆதாரில் திருத்தம், அப்புறம் ரேஷன் கார்டு, அப்புறம் வங்கிக் கணக்கு. கணவர் மாத்திரையை முடித்தார், வேறு குடோனில் சேர்ந்தார். அவள் பனியன் கம்பெனிக்குப் பிசிர் வெட்டப் போகிறாள். மூத்தவளும் அந்தக் குழந்தையும் இப்போது ஒரே அரசுப் பள்ளியில். ஒரே ஒரு அறை கிடைத்ததால் இத்தனையும் நடந்தது.

26 வருடத்தில் நாங்கள் இப்படிப் பார்த்துச் செய்தது மூன்று குடும்பத்துக்கு. எத்தனை பேருக்குப் பேருந்து நிலையம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன் என்பதை எண்ணி வைக்கவில்லை.

இது நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் 1985 முதல் வீடற்றவர்களுக்கென்றே ஒரு மருத்துவ அமைப்பு இருக்கிறது. மருத்துவமனையை விட்டு அனுப்பலாம், ஆனால் தெருவில் இருக்கிற அளவுக்குத் தேறவில்லை என்கிறவர்கள் தங்கித் தேற 104 படுக்கையில் ஒரு விடுதி நடத்துகிறார்கள். கலிஃபோர்னியா மாநிலத்தில் வீடில்லாத நோயாளியை அனுப்பும்போது சாப்பாடு, குளிருக்கும் மழைக்கும் ஏற்ற துணி, மருந்து, போக வாகனம் இவற்றைப் பார்த்துச் செய்ய வேண்டும் என்று 2019 முதல் சட்டமே நடப்பில் இருக்கிறது. இங்கிலாந்தில் 2018 அக்டோபரில் இருந்து, வீடில்லாதவரோ வீடு பறிபோகும் நிலையில் இருப்பவரோ மருத்துவமனைக்கு வந்தால், அவர் சம்மதத்தோடு உள்ளாட்சியின் வீட்டுவசதிப் பிரிவுக்குத் தகவல் கொடுப்பது மருத்துவமனையின் கடமை. அங்கே பணம் இருக்கிறது, இங்கே இல்லை என்பீர்கள். தகவல் கொடுக்க என்ன பணம் வேண்டும்?

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. நம் பெருந்துறையில் காசநோய்க்காரர்களுக்கென்று சானடோரியம் இருந்தது. மாதக்கணக்கில் அங்கேயே தங்க வைத்து, சோறு போட்டு, காற்றும் வெயிலும் கிடைக்கிற இடத்தில் தேற வைத்து அனுப்பினார்கள். மருந்தோடு இருக்க இடமும் கொடுத்தால்தான் உடம்பு தேறும் என்பது நம் தாத்தா காலத்து டாக்டர்களுக்குத் தெரிந்திருந்தது, பெருந்துறையில் அந்தப் பக்கத்தை இன்னமும் சானடோரியம் என்றே சொல்கிறார்கள். இன்னொன்றும் நீங்களே செய்வதுதான். 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் மேட்டூரில் உபரிநீர் திறந்துவிட்டுக் காவிரி பெருக்கெடுத்தபோது, பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம் கரையோரக் குடும்பங்களைப் பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் தங்க வைத்தீர்கள். பாய், சாப்பாடு, மருத்துவ முகாம் எல்லாம் கூடவே வந்தது. ஆறு வீட்டை அடித்துக்கொண்டு போனால் ஒரே ராத்திரியில் இதைச் செய்ய முடிகிற நிர்வாகம், நோய் அடித்துக்கொண்டு போகும்போது மட்டும் ஏன் செக்யூரிட்டியை விட்டு விசில் ஊதச் சொல்கிறது?

மனநலம் குன்றித் தெருவில் திரிகிறவர்களுக்கு நம் மாநிலத்தில் அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள் இருக்கின்றன. 2017 மனநலச் சட்டம், வறுமைக்கோட்டு அட்டை இல்லாவிட்டாலும் வீடற்றவருக்குச் சிகிச்சை இலவசம் என்று தெளிவாகச் சொல்கிறது. ஆக, அட்டை கேட்காமலும் முகவரி கேட்காமலும் ஒரு மனிதரை ஏற்றுக்கொள்வது உங்களுக்குப் பழக்கமான வேலைதான். அதையே பிள்ளை பெற்றவளுக்கும், இருமுகிறவருக்கும், அவர்கள் பிள்ளைகளுக்கும் செய்யுங்கள் என்கிறேன்.

நான் கேட்பது இவைதான். உள்நோயாளியாகச் சேர்க்கிற அன்றே, இங்கிருந்து எங்கே போவீர்கள், அங்கே எத்தனை நாள் இருக்க முடியும் என்ற இரண்டு கேள்வியும் சேர்க்கைச் சீட்டில் இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் அன்று வாசலில் நின்று ஓட்டுநர் கேட்கும்போது காலம் கடந்துவிடுகிறது. வேலையோடு தங்குமிடம் என்று பதில் வந்தால் அதையும் எழுதுங்கள், அவர்கள் அடுத்து வரப்போகிறவர்கள். போக இடமில்லை என்று பதில் வந்தால் 24 மணி நேரத்துக்குள் உள்ளாட்சிக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் எழுத்தில் தகவல் போக வேண்டும், பதில் வரும்வரை பச்சைக்குழந்தையோடு இருப்பவளையும், தையல் பிரிக்காதவரையும், காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவரையும் தெருவுக்கு டிஸ்சார்ஜ் செய்யக் கூடாது என்று ஒரு அரசாணை வேண்டும்.

ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பக்கத்திலும் இருபது குடும்பமாவது பிரியாமல் தங்கித் தேறுகிற அறைகள் வேண்டும். தினம் ஒரு முறை செவிலியர் வந்து பார்த்தால் போதும், டாக்டர்கூட வாரம் இரண்டு தடவை வரலாம். புதிதாகக் கட்டத்தான் வேண்டும் என்பதில்லை, இருக்கிற காப்பகத்தில் ஒரு பகுதியைக் குடும்பங்களுக்கு ஒதுக்கி, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தோடு இணைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இரவிலும் இருக்கிற மாதிரி மருத்துவ சமூகப் பணியாளர்களை நியமியுங்கள். ஆதார், ரேஷன், வங்கிக் கணக்கு, காப்பீடு இவற்றையெல்லாம் நோயாளி படுக்கையில் இருக்கும்போதே முடித்துக் கொடுக்கிற அதிகாரம் அவர்களுக்கு இருக்கட்டும். மக்களைத் தேடி மருத்துவப் பட்டியலிலும் பிறந்த குழந்தைகளைப் பார்க்கப் போகும் பட்டியலிலும் கதவு எண்ணுக்குப் பதிலாகப் பேருந்து நிலையம் மூன்றாவது நடைமேடை என்றோ, மேம்பாலத்துக்குக் கீழே என்றோ எழுத இடம் விடுங்கள். களப்பணியாளர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

ஆட்சியர்களிடம் தனியாக ஒன்று. உங்கள் விருப்புரிமை நிதியில் இருந்தோ வேறு எதில் இருந்தோ, நோயால் கூரை இழந்த குடும்பத்துக்கு லைன் வீட்டு அட்வான்ஸும் மூன்று மாத வாடகையும் கொடுங்கள். நாங்கள் கைக்காசு போட்டுச் செய்ததுதான், பலித்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறேன்.

அப்புறம் அந்தப் பலகை. எங்கெங்கே அப்படி மாட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் கழற்றச் சொல்லுங்கள். திருட்டுக்குப் பயம் என்றால் பெயர் எழுதி டோக்கன் கொடுங்கள், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு பக்கம் தடுத்துவிடுங்கள், விளக்குப் போடுங்கள், ஒரு காவலரை உட்கார வையுங்கள். சென்னையில் அரசு மருத்துவமனைகளில் உடனிருப்போர் தங்க மாநகராட்சியே இடம் நடத்துகிறது, நம் பக்கமும் நடத்தலாம். ஐப்பசி மழை தொடங்குவதற்குள் காத்திருப்போர் கூடத்தின் கதவு இரவில் திறந்திருக்க வேண்டும். மற்றவற்றுக்கு மூன்று மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மாவட்டத்தில் என்ன செய்தீர்கள் என்பதை எழுத்தில், எல்லோரும் படிக்கிற மாதிரி வெளியிடுங்கள். பணியாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், சம்பளமில்லாமல் வந்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசு செவிலியர், பிரசவ வார்டு